சர்வே நம்பரைத் தேதியாக்கும் எக்ஸெல்: சிஎஸ்வி ஃபைலை டபுள் கிளிக் செய்யாதீங்க!

புதுக்கோட்டை மாவட்டம் உதயமான நாள் 14/01/1974. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த நாள் 03/03/1948. இரண்டையும் ஒரு சிஎஸ்வி ஃபைலில் போட்டு, மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க செட்டிங் உள்ள லேப்டாப்பில் திறந்து பாருங்கள். 1948 தப்பித்துவிடும், நாளையும் மாதத்தையும் இடம் மாற்றினாலும் அது மார்ச் 3தான். 1974-ஐ எக்ஸெல் தேதியாகவே ஏற்காது, 14-வது மாதம் ஏது? வெறும் எழுத்தாக செல்லின் இடது ஓரத்தில் நிற்கும். அதுகூடப் பரவாயில்லை, கண்ணில் பட்டுவிடும். ஒருவரின் பிறந்த தேதி 05/08/1998 என்றிருந்தால்? ஆகஸ்ட் 5, சத்தமே இல்லாமல் மே 8 ஆகிவிடும்.

சிஎஸ்வி என்பது வெறும் எழுத்தும் காற்புள்ளியும்தான். எது தேதி, எது எண் என்ற விவரம் அதில் கிடையாது. டபுள் கிளிக் செய்ததும் எக்ஸெல் தானாக ஊகிக்கிறது.

நம்ம ஊரில் இதற்கு இன்னொரு வம்பும் உண்டு: நிலத்தின் சர்வே நம்பர். இந்திய செட்டிங்கே இருந்தாலும் 12/3 என்ற உட்பிரிவு எண் மார்ச் 12 ஆகிவிடும். அடுத்த வரியில் இருக்கும் 147/2 அப்படியே இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் பிடிபடாது.

விஞ்ஞானிகளே இதில் மாட்டியிருக்கிறார்கள். 'மார்ச்1', 'செப்ட்1' போன்ற மரபணுப் பெயர்களை எக்ஸெல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், கடைசியில் மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. 2020-ல் அதற்கான வழிகாட்டுதல் வந்தது. 2023-ல் மைக்ரோசாஃப்ட், இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதியைக் கொடுத்தது. ஆனால் அது எழுத்தும் எண்ணும் ஒட்டி வரும் பெயர்களுக்குத்தான்; நம்முடைய 12/3-க்கு உதவாது.

அப்போ என்னதான் செய்றது? காலி ஷீட்டைத் திறந்து, 'டேட்டா' மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாக ஃபைலைக் கொண்டுவாருங்கள். அங்கே 'டேட்டா டைப் டிடெக்‌ஷன்' என்ற இடத்தில், கண்டறிய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கூகுள் ஷீட்ஸில் இம்போர்ட் செய்யும்போது, எழுத்தை எண்ணாகவும் தேதியாகவும் மாற்றும் டிக்கை எடுத்துவிட்டால் போதும். ஏற்கெனவே டபுள் கிளிக் பண்ணிட்டீங்களா? பதறாதீங்க, சேவ் செய்யாமல் மூடினால் ஒரிஜினல் பத்திரமாக இருக்கும். சேவ் செய்தால்தான் போச்சு. திரையில் தெரிவதுதான் ஃபைலில் எழுதப்படும். 10:15:42 என்று முடியும் தேதி-நேரத்தில் 42 நொடிகூடக் காணாமல் போகும்.

இதையெல்லாம் தெரிந்துகொள்வது டேட்டா என்ட்ரி செய்பவரின் பொறுப்பு என்று தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஃபைலை உருவாக்கித் தரும் மென்பொருள், தேதியை 1974-01-14 என்று ஆண்டு முதலாகக் கொடுத்தாலே நாளும் மாதமும் இடம் மாறாது. அதற்கு ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரமே இருக்கிறது. அடுத்த முறை உங்கள் ஆபீஸில் யாராவது 'சிஎஸ்வி அனுப்புறேன்' என்றால், தேதியை இந்த வடிவில் கேளுங்கள்.