விழுக்காடு வேறு, நூற்றுமானம் வேறு

மகாராட்டிரப் பொறியியல் கல்லூரிகளுக்கான பொது நுழைவுத் தேர்வாகிய எம்எச்டி-சிஇடி முடிவுகள் வெளிவரும் நாட்களில், தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி எழுகிறது: “தொண்ணூறு வந்திருக்கிறது, நல்ல கல்லூரி கிடைக்குமா?” அந்தத் தொண்ணூறு எதைக் குறிக்கிறது என்பதை அறிந்தால்தான் இதற்கு விடை காண இயலும்.

கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் சேர்த்து 100 என இத்தேர்வுக்கு மொத்தம் 200 மதிப்பெண்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. கணினி வழியாகப் பல நாட்கள், பல வேளைகளில், வெவ்வேறு வினாத்தாள்களைக் கொண்டு இது நடைபெறுகிறது. ஒரு வேளையின் தாள் எளிதாகவும் மற்றொன்று கடினமாகவும் அமையக்கூடும். எனவே மதிப்பெண்ணை நேரடியாக ஒப்பிடாமல், அதே வேளையில் எழுதியோருள் நூற்றுக்கு எத்தனை பேர் நம் பிள்ளைக்குச் சமமாகவோ குறைவாகவோ பெற்றனர் என்று கணக்கிடுகின்றனர். பெர்சென்டைல் எனப்படும் நூற்றுமானம் இதுவே. வட்டிக் கணக்கில் நாம் காணும் விழுக்காடு வேறு. இது வரிசையில் நிற்கும் இடம்.

ஆகவே தாள் கடினமாயிருப்பின், 200க்கு 110 மட்டுமே பெற்ற மாணவியும் 90ஐத் தாண்டக்கூடும். அவர் மனம் தளர வேண்டியதில்லை. அதே வேளையில், 3 லட்சம் பேர் எழுதினால், 90 பெற்றவருக்கு முன்னே ஏறத்தாழ 30,000 பேர் நிற்கின்றனர்; 99 பெற்றவருக்கு முன்னே 3,000 பேர். 1887இல் தோன்றி, இன்று மாட்டுங்காவில் இயங்கும் வி.ஜே.டி.ஐ.யின் கணினிப் பிரிவில், பொதுப் பிரிவினருக்கு 99க்கும் மேல் தேவைப்படுவது இதனாலேயே.

இவ்வேறுபாட்டை அறியாத பெற்றோர், “தொண்ணூறு பெற்றும் இடமில்லையா?” என்று பதறி, நகையை அடகு வைத்து இடைத்தரகரை நாடுகின்றனர். சேர்க்கைக்கு நன்கொடை வசூலிப்பதை இம்மாநிலச் சட்டம் 1987இலேயே தடைசெய்துவிட்டது. ரசீது இல்லாத தொகைக்குக் கல்விக் கடனும் கிடைக்காது.

நூற்றுமானத்தின் பொருளை மதிப்பெண் சான்றிலேயே, பெற்றோர் படிக்கும் மொழிகளில், இரண்டு வரிகளில் அச்சிடுவது அரசின் கடமை என்பது நம் கருத்து. அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக இடம் பெற்றவரின் நூற்றுமானத்தை மாநிலப் பொது நுழைவுத் தேர்வுப் பிரிவு வெளியிடுகிறது. யாருக்கும் பணம் தருவதற்கு முன்னர், அப்பட்டியலைப் பிள்ளைகளோடு அமர்ந்து படிப்போம். அதன்பின் விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்துவோம்.