பெண்கள் ஓடியது எந்தக் கணக்கில்?

1958 ஜூலையில் மாஸ்கோ நகரில் சோவியத் யூனியனுக்கும் அமெரிக்காவுக்கும் ஓட்டம், தாண்டல், எறிதல் போட்டிகள் நடந்தன. இரு நாட்டுக் கோஷ்டிகளும் இப்படித் தனியே மோதியது அதுதான் முதல் தடவை. ஆண்கள் பிரிவில் அமெரிக்கா 126 புள்ளி, சோவியத் 109. பெண்கள் பிரிவில் சோவியத் 63, அமெரிக்கா 44. கூட்டினால் சோவியத் 172, அமெரிக்கா 170. பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு! அமெரிக்கப் பத்திரிகைகள் பலவற்றுக்கு மட்டும் விளங்கவில்லை. ஆண்கள் கணக்கு வேறு, பெண்கள் கணக்கு வேறு, ஆகவே வென்றது நாங்களே என்று தம்பட்டம் அடித்தன.

தோழர்களே, கணக்கில் சேராத அந்தப் பெண்கள் யார்? அவர்களில் பலர் டென்னசி மாகாணத்து நாஷ்வில் நகரில், கறுப்பு மக்களுக்கென இருந்த சர்க்கார் கலாசாலையின் மாணவிகள். எட் டெம்பிள் என்பவர் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஓடுவதற்கு இருந்தது மண் தரை. அமெரிக்கக் கலாசாலைகளில் கால்பந்து ஆடும் ஆண்பிள்ளைக்கு ஆட்டத்தைக் காட்டியே படிப்புச் செலவு கிடைக்கும். இந்தப் பெண்களுக்கோ அது கிடையாது! படிப்புச் செலவுக்காகத் தினம் 2 மணி நேரம் கலாசாலையிலேயே வேலை செய்தார்கள். அதற்கு மேல் பாடம். அதற்கும் மேல் ஓட்டப் பயிற்சி. வெளியூர்ப் பந்தயத்துக்குக் காரில் போனால் வழியில் வெள்ளையர் ஓட்டலில் நுழைய முடியாது. ஒதுங்கவும் இடம் கிடைக்காது. சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டுதான் புறப்பட வேண்டும். நாட்டுக்காக ஓடப் போகிறவர்களுக்கு நாடு காட்டிய மரியாதை இது!

அங்கே படித்தவர்தான் வில்மா ருடால்ப். தகப்பனார் ரயில்வே போர்ட்டர், தாயார் வெள்ளையர் வீடுகளில் வேலைக்காரி. குழந்தைகள் 22 பேர், வில்மா 20-வது. இளம்பிள்ளை வாதம் கண்டு, காலில் இரும்புக் கட்டுடன் நடந்த சிறுமி அவர். 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் என 3 தங்கம் வென்றார். தொடர் ஓட்டத்தில் ஓடிய நால்வரும் அந்த ஒரே கலாசாலைக்காரர்கள். சொந்த ஊரான கிளார்க்ஸ்வில் வரவேற்பு ஏற்பாடு செய்தது. வழக்கம்போல் வெள்ளையர் தனி, கறுப்பர் தனி. அப்படியானால் வரமாட்டேன் என்றார் வில்மா. ஊர் பணிந்தது! இரு நிறத்தாரும் ஒன்றாகக் கலந்துகொண்ட முதல் பொது நிகழ்ச்சியாக அது நடந்தது. எனக்கு அந்த 3 தங்கத்தைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

ஆனால் அமெச்சூர் விதிப்படி ஓட்டத்துக்காக ஒரு காசு வாங்கக் கூடாது. 1962-ல், 22 வயதில், ஓட்டத்தை விட்டார். பின்னர் பள்ளி ஆசிரியை வேலைக்குப் போனார்.

அவருக்குப் பின் வந்தவர் வயோமியா டையஸ், பால் பண்ணைத் தொழிலாளியின் மகள். 1964, 1968 இரண்டு ஒலிம்பிக்கிலும் 100 மீட்டர் தங்கம் அவருக்கே. ஆணோ பெண்ணோ, அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. நிறவெறியை எதிர்த்து மேடையில் முஷ்டி உயர்த்தியதற்காக வெளியேற்றப்பட்ட ஸ்மித், கார்லோஸ் இருவருக்கும் தமது தொடர் ஓட்டத் தங்கத்தைச் சமர்ப்பித்தார். டெம்பிளிடம் பயின்று ஒலிம்பிக் சென்றவர் 40 பேர். பெற்ற பதக்கம் 23, அதில் தங்கம் 13.

இதைக் கண்டு மனமிரங்கியா அமெரிக்க ஆளும் வர்க்கம் பெண்களுக்கு உரிமை கொடுத்தது? இல்லை. மாதர் இயக்கம் கிளர்ந்த காலத்தில், 1972-ல், சர்க்கார் பணம் பெறும் கல்வி ஸ்தாபனத்தில் ஆண்-பெண் பேதம் கூடாது என்ற சட்டம் வந்தது. உடனே வசூல்காரர்கள் துடித்தார்கள். பணம் கொண்டுவரும் ஆட்டங்களுக்கு விலக்கு வேண்டும் என்று 1974-ல் செனட்டர் டவர் திருத்தம் கொண்டுவந்தார், அது ஈடேறவில்லை. சட்டம் வந்த பிறகும் யேல் சர்வகலாசாலையில் படகோட்டும் மாணவிகளுக்குக் குளிக்க இடமில்லை. ஆண்கள் வெந்நீரில் குளித்து வரும்வரை இவர்கள் நனைந்த உடையோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். 1976-ல் 19 பேர் அணிவகுத்து, அந்தச் சட்டத்தின் பெயரை உடம்பிலேயே எழுதிக்கொண்டு அதிகாரியின் அறைக்குள் நுழைந்தார்கள். அதன் பிறகே கட்டடம் எழும்பியது!

இன்று அமெச்சூர் வேஷம் கலைந்துவிட்டது. 2025 ஜூனில் கோர்ட் அங்கீகரித்த உடன்படிக்கைப்படி, கலாசாலைகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டான 2025-26-ல் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. பழைய பாக்கியாக சுமார் 280 கோடி டாலர். அதில் மிகப் பெரும் பங்கு கால்பந்து, கூடைப்பந்து ஆடும் ஆண்களுக்கே. வசூல் யாரால் வருகிறதோ அவர்களுக்கே பணம் என்கிறார்கள். பெண்கள் ஆட்டத்துக்கு இத்தனை காலம் மைதானமும் விளம்பரமும் மறுத்தது யார்? அந்தக் கேள்வி அவர்கள் கணக்கில் வராது. 1972 சட்டத்தைக் காட்டி, அதே மாதம் 8 பெண்கள் அப்பீல் செய்தார்கள்.