பழி மாட்டின் மேல், காரணம் புதரில்!

'உண்ணிக் காய்ச்சல்' என்று டாக்டர் சொன்னதும், வீட்டில் உள்ளவர்களின் கண் முதலில் போவது மாட்டுக் கொட்டகைக்குத்தான். அடுத்தது, வாசலில் படுத்திருக்கும் நாய். ஓசூரை அடுத்த பாகலூர் போன்ற ஊர்களில் சந்தேகப்பட ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ரோஜாத் தோட்டம், கறவை மாடு, காவலுக்கு நாய், காலையில் கம்பெனி பஸ் என எல்லாம் அடுத்தடுத்தே இருக்கும். ஆனால், தமிழ்நாட்டில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று சொல்லப்படும் ஸ்க்ரப் டைபஸுக்கு மாடும் காரணமில்லை, நாயும் காரணமில்லை.

குழப்பம் பெயரில் இருக்கிறது. 'உண்ணி' என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு ஜீவன்கள் ஒளிந்திருக்கின்றன. எது எங்கே வாழ்கிறது, எதைத் தருகிறது என்று தெரிந்துகொண்டால் மாடும் பிழைக்கும், மனிதரும் பிழைப்பார்.

மாட்டு உண்ணி

ரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல உப்பி, மடியிலும் காதிலும் தொங்குவது இது. இந்த வகைகளில் ஒன்று, குஞ்சாக ஏறியது முதல் பெரிதாகும் வரை ஏறக்குறைய மூன்று வாரம் ஒரே மாட்டிலேயே இருக்கும். பிறகு கீழே விழுந்து, மண் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மாட்டுக்குக் காப்பி நிறத்தில் சிறுநீர் போகவைக்கும் பபேசியா நோயைப் பரப்புவது இதுதான்.

ஹயலோமா என்ற இன்னொரு வகை, தைலேரியா நோயைக் கொண்டுவரும். கடும் காய்ச்சல், கழுத்திலும் தோளிலும் நெறிகட்டுதல், பிறகு ரத்தசோகை என்று மாடு சரிந்துவிடும். கலப்பின மாடுகளை இது மோசமாகத் தாக்கும். நாட்டு மாடுகள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். மத்திகிரியில் 1824-இல் தொடங்கிய கால்நடைப் பண்ணை இருக்கும் வட்டாரம் இது. ஆலம்பாடி மாடுகளைப் பார்த்த தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கொட்டகைகளில் இன்று கலப்பினப் பசுக்கள்தான் அதிகம். அதனால் கவனமும் கூடுதலாக வேண்டும். தைலேரியாவுக்கு நல்ல மருந்து இருக்கிறது. ஆனால், முதல் சில நாட்களுக்குள் கால்நடை மருத்துவர் ஊசி போட்டால்தான் முழுப் பலன்.

இந்த இரண்டு நோயும் பால் வழியாகவோ, மாட்டைத் தொடுவதாலோ மனிதருக்கு வராது.

நாய் உண்ணி

பழுப்பு நிறத்தில் நாயின் காது மடிப்பிலும் விரல் இடுக்கிலும் இருப்பது. இது வளரும் ஒவ்வொரு கட்டத்திலும் நாயை விட்டு இறங்கி, சுவர் வெடிப்பிலும் கதவு இடுக்கிலும் பதுங்கும். பிறகு மறுபடி நாய் மேல் ஏறும். நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டுச் சுவரை விட்டுவிட்டால் இரண்டே வாரத்தில் பழைய கதைதான். நாய்க்கு எர்லிக்கியா காய்ச்சல், மூக்கில் ரத்தம் வடிதல் ஆகியவை இதனால் வரும். அபூர்வமாக மனிதரையும் கடித்து, உள்ளங்கை, உள்ளங்காலில்கூட சிவப்புத் தடிப்பு வரும் ஒரு காய்ச்சலைத் தரும்.

புதரில் இருக்கும் சிற்றுண்ணி

உண்மையான குற்றவாளி இதுதான். ரோஜா இலையைச் சாம்பல் பூத்தது போல ஆக்கும் சிவப்புச் சிலந்தியைத் தோட்டக்காரர்கள் நன்றாக அறிவார்கள். அதற்குத் தூரத்துச் சொந்தம் இந்தச் சிற்றுண்ணி. இதன் குஞ்சு கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. வரப்புப் புல், புதர், எலி வளை ஆகியவை இதன் வீடு. எலிதான் இதற்கு வழக்கமான உணவு. புல்லில் உட்காரும் மனிதர் தற்செயலாக மாட்டிக்கொள்கிறார்.

கடித்த ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி வரும். பலருக்குக் கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது போன்ற வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கும். அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி என்று மறைவான இடங்களில்தான் அது பெரும்பாலும் இருக்கும். பெண்கள் கூச்சத்தால் காட்டாமல் விடுவதும் உண்டு. அந்தக் கூச்சம் உயிருக்கே ஆபத்தாகலாம். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையே போதும். கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்தை டாக்டர் தருவார். நோய் முற்றியவர்களுக்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஊசியாகத் தருவது கூடுதல் பலன் தருகிறது என்பதை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது.

எல்லைக்கு அப்பால்

கர்நாடகத்தில் 'மங்கன காயிலே' என்று சொல்லும் குரங்குக் காய்ச்சல் வேறு கதை. 1957-இல் சிவமொக்கா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது அடையாளம் காணப்பட்டது. காட்டு உண்ணி பரப்பும் வைரஸ் இது. பிற்பாடு பந்திப்பூர், நீலகிரி காட்டுப் பக்கமும் தென்பட்டது. டிசம்பர் முதல் மே வரை மேற்கு மலைக் காடுகளுக்குப் போகிறவர்கள், செத்த குரங்கின் அருகே போகக் கூடாது. வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

* தோலில் உண்ணி கடித்திருந்தால் மண்ணெண்ணெய், தீக்குச்சி வேண்டாம். நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக இழுத்து எடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

* மாட்டிலிருந்து எடுத்த உண்ணியை விரலால் நசுக்காதீர்கள். குஜராத்தில் 2011-இல் உயிர்களைப் பறித்த காங்கோ காய்ச்சல், ஹயலோமா உண்ணி மூலமும் பரவக்கூடியது. சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

* கொட்டகைச் சுவர் வெடிப்பைப் பூசி, சுண்ணாம்பு அடியுங்கள். உண்ணி மருந்தை மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் தெளியுங்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் உண்ணி பழகிவிடும்.

* வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டி, எலியைக் கட்டுப்படுத்துங்கள். தோட்ட வேலைக்கு முழுக்கை சட்டை போட்டு, வந்ததும் குளித்து உடை மாற்றுங்கள்.

* ஐந்து நாளாகியும் காய்ச்சல் விடவில்லையா? அதற்கு மேல் மெடிக்கல் ஷாப் மாத்திரையில் நாள் கடத்த வேண்டாம். உடம்பில் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் போங்கள். 'தோட்டத்தில் வேலை செய்தேன்' என்ற ஒரு வரியை மறக்காமல் சொல்லுங்கள். பாதி வைத்தியம் அந்த வரியில்தான் இருக்கிறது.