முதல் நாளுக்கு இரண்டு விசைகள் போதும்

கணினி வகுப்பில் சேர்ந்த முதல் நாளே குறுக்குவிசைகளை அச்சிட்ட தாளொன்றைக் கையில் கொடுத்து, "பாடமாக்கிக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பும் வழக்கத்தை மன்னார்ப் பக்கத்தில் பார்க்கிறேன். எருக்கலம்பிட்டியில் கணினி படிப்பிக்கும் எனக்கு இது கொஞ்சமும் உடன்பாடில்லை.

என் வகுப்புக்குப் பிள்ளைகள் மட்டும் வருவதில்லை. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளத்துக்குப் போய், அகதி முகாமில் படிப்பு அறுந்து, போர் முடிந்தபின் ஊர் திரும்பிய உம்மாமாரும் வருகிறார்கள். "கன்ட்ரோல் பி" என்று நான் சொன்னால், "எந்த பி, சேர்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நம் வாயில் B, P இரண்டும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கின்றன. ஆனால் ஒரு பி எழுத்தைத் தடிப்பாக்கும், மற்றது பிரின்ட் எடுக்கும் பெட்டியைத் திறக்கும்.

மெனுவில் இந்தத் தடுமாற்றம் இல்லை. என்னென்ன செய்யலாம் என்பதெல்லாம் கண்முன்னே வரிசையாக நிற்கும். நினைவிலிருந்து தோண்டி எடுக்க வேண்டாம், பார்த்து அடையாளம் கண்டால் போதும். கட்டளைக்குப் பக்கத்திலேயே அதன் குறுக்குவிசையும் எழுதியிருக்கும். ஆபீஸ் 2007 இல் வேர்டின் பழைய மெனு போய் ரிப்பன் வந்தது. அதிலும் பட்டனின் மேல் மவுஸைச் சற்று நிறுத்தினால் பெரும்பாலும் விசை தெரியும். ஒரே கட்டளையைத் தினமும் தேடிப் போகிறவர் அதன் விசையை ஒரு நாள் தானாகவே கண்டுகொள்வார். கச்சேரியிலோ வங்கியிலோ வேலைக்குப் போகிறவருக்கு வேகம் தேவைதான். அது இப்படித்தான் வரவேண்டும்.

இரண்டு விசைகளை மட்டும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பேன். ஒன்று, சேமிப்பதற்கான கன்ட்ரோல் எஸ். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாடு இது. தம்பபவனி காற்றாலைகள் எங்கள் மன்னார்த் தீவிலேயே நிற்கின்றன, ஆனாலும் எங்கள் வீடுகளும் இருண்டன. யூபிஎஸ் இல்லாத கணினியில் ஒவ்வொரு பந்தி முடிவிலும் விரல் தானாக அந்த விசைக்குப் போகவேண்டும்.

மற்றது கன்ட்ரோல் இசட். புதிதாகப் படிக்கிறவருக்கு மறதியைவிடப் பயம்தான் பெரிய தடை. "சேர், எல்லாம் போயிட்டு!" என்று பதறுகிறவர், அழிந்த கடிதம் ஒரே அழுத்தில் திரும்பி வருவதைக் கண்டபின்தான் துணிந்து மெனுக்களைத் திறந்து பார்க்கிறார்.

வகுப்பு நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். அந்தத் தாளை மூன்றாம் மாதத்தில் கொடுங்கள். அதிலும் கட்டளைகளை மட்டும் அச்சிட்டு, விசைகளுக்கான கட்டங்களை வெறுமையாக விடுங்கள். படிக்கிறவரே கணினியில் பார்த்து நிரப்பட்டும்.