கயிற்றை நீட்டுவதா, கிணற்றைத் திறப்பதா? தொடக்கப் பள்ளியில் கதையும் பொறியியலும்

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடைமுறையில் உள்ளது. கதை, பாடல், செயல்பாடுகள் வழியே முதல் மூன்று வகுப்புகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கத் தொடங்கிய இத்திட்டம், 2023இல் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அறிவியலைச் செய்து கற்பதற்கான 'வானவில் மன்றம்' 2022 நவம்பரில் தொடங்கப்பட்டது. ஆனால் அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கானது. கதை கேட்கும் வயதில் கருவி செய்யும் வாய்ப்புக் குறைவு. கருவி கைக்கு வரும் வயதில் கதை விலகிவிடுகிறது. இவ்விரண்டையும் ஒரே வகுப்பறையில் இணைப்பது யாருக்குப் பயன்படும் என்பதைக் குமரி மாவட்டத்தின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க விரும்புகிறோம்.

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 'நாவல் எஞ்சினியரிங்' என்னும் பெயரில் இத்தகைய முறையொன்றை உருவாக்கியுள்ளது. குழந்தைகள் ஒரு கதையை வாசிக்கிறார்கள். கதைமாந்தரின் சிக்கலைக் கண்டறிகிறார்கள். கிடைக்கும் பொருள்களால் தீர்வொன்றைச் செய்து, சோதித்து, திருத்துகிறார்கள். நம் குழந்தைகள் அறிந்த தாகமுள்ள காகத்தின் கதையே இதற்குப் போதும். பானையின் வாய் குறுகியது, நீர் ஆழத்தில் உள்ளது, காகத்திற்குக் கைகள் இல்லை. சிரட்டை, பப்பாளிக் காம்பு, நூல், ரப்பர் வளையம் ஆகியவற்றைக் கொண்டு அதற்கு உதவ முனையும் குழந்தை, காகத்தால் எது இயலும், எது இயலாது என்றறியக் கதையை மீண்டும் வாசித்தாக வேண்டும். வாசிப்புக்கு ஒரு தேவை பிறக்கிறது.

பள்ளியில் கைவேலை என்றதும் நாம் ஐயுறுவதற்குக் காரணம் உண்டு. 1953இல் ராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்குமாறு கூறியது. குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்த அத்திட்டத்தை 1954இல் காமராசர் கைவிட்டார். அன்று திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து, 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு இணைந்த குமரி அதற்கு உட்படவில்லை. ஆயினும் இம்மண்ணில் பள்ளி வாசலே போராடிப் பெற்றதாகும். புலையர் சிறுமி பஞ்சமியை அய்யங்காளி அழைத்துச் சென்ற ஊரூட்டம்பலம் பள்ளி, சாதி வெறியர்களால் எரிக்கப்பட்டது. அவ்வூர் இன்றைய குமரி எல்லைக்கு அப்பால், நெய்யாற்றங்கரைப் பகுதியில் உள்ளது.

அப்படியானால் குலக்கல்விக்கும் இம்முறைக்கும் உள்ள வேறுபாடு என்ன? முன்னது தந்தை செய்த வேலையை அப்படியே செய்யச் சொன்னது. பொறியியலோ அவ்வேலை எவ்வாறு நடக்க வேண்டும், நடக்கத்தான் வேண்டுமா என்று கேட்கும் உரிமையைத் தருகிறது. சாதி வேலையை மட்டுமின்றி, வேலை செய்வோரையே பிரித்து அடுக்குகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் விளக்கினார். அப்பிரிவினையில் திட்டமிடும் தலை ஒரு சாதிக்கும் உழைக்கும் கை இன்னொரு சாதிக்கும் ஒதுக்கப்பட்டன. தமிழகத்தின் பல பகுதிகளில் மடை திறந்து வயல்களுக்கு நீரைப் பங்கிட்ட நீர்க்கட்டிகள் தலித்துகளே. நீரின் அளவையும் நிலத்தின் சரிவையும் அறிந்த அவர்களை எவரும் பொறியாளர் என்றழைத்ததில்லை. உழைக்கும் சாதிகளின் அறிவைக் குழந்தைகளுக்குச் சொல்லக் காஞ்சா அய்லய்யா 2007இல் தனி நூலே எழுத வேண்டியிருந்தது. மாத்தூர் தொட்டிப் பாலத்தைக் காணச் செல்லும் குழந்தைகளுக்கு, பறளியாற்றைக் கடந்து நீர் செல்லும் விதத்தோடு, அதைக் கட்டச் சுமந்த தோள்களின் கதையும் சொல்லப்பட வேண்டும்.

இம்முறையில் ஓர் ஆபத்தும் உள்ளது. பள்ளியில் தண்ணீர்க் குழாயைத் தொட அனுமதிக்கப்படாமல், பணியாளர் வராத நாளில் தாகத்தோடு இருந்த சிறுவன் பீமராவின் அனுபவத்தை வகுப்பில் வாசிப்பதாகக் கொள்வோம். கையால் தொடாமலே திறக்கும் குழாயை ஒரு குழு செய்து காட்டக்கூடும். கருவி நன்றாக இயங்கும். தீண்டாமையும் நன்றாக இயங்கும். கிணற்றருகே வரக்கூடாது என்று தடுக்கப்பட்டவளுக்கு நீளமான கயிறு செய்து கொடுப்பது தீர்வாகாது. இது கருவியால் தீரும் சிக்கலா, மனிதர் மாற வேண்டிய சிக்கலா என்பதே குழந்தைகள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

சில சிக்கல்களுக்கு இரண்டுமே தேவை. கையால் மலம் அள்ளும் பணியில் மனிதரை ஈடுபடுத்துவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. அண்டையிலுள்ள திருவனந்தபுரத்தில் இளம் பொறியாளர்கள் உருவாக்கிய 'பண்டிகூட்' இயந்திரம் 2018இல் சாக்கடைக் குழிக்குள் இறங்கியது. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் உறுதி இல்லையேல் இயந்திரம் கிடங்கில் உறங்கும்; மனிதர் குழியில் இறங்குவர்.

ஆகவே நாம் கோருவன தெளிவானவை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலிருந்தே இம்முறை தொடங்கப்பட வேண்டும். பொருள்களுக்கான செலவைப் பெற்றோர் தலையில் சுமத்தாமல் அரசே ஏற்க வேண்டும். கதைகளில் சேரியும் கடற்கரையும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பும் இடம்பெற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழுவில் வரைபவர் யார், விளக்கிப் பேசுபவர் யார், வெட்டிய குப்பையைப் பெருக்குபவர் யார் என்பதை ஆசிரியர் நாள்தோறும் கவனித்து, சுழற்சி முறையில் மாற்ற வேண்டும். பெருக்கும் வேலை ஒரே குழந்தைக்கு மீண்டும் மீண்டும் போய்ச் சேருமானால், அவ்வகுப்பறையில் நடப்பது குலக்கல்வியேயாகும்.