தேர்தல் முடிந்தது, கடன் முடியவில்லை: ஹிலாரியின் 2008 கணக்கு சொல்வது என்ன?

2008 ஜூன் 7 அன்று வாஷிங்டனில் திரண்டிருந்த ஆதரவாளர்கள் முன்னிலையில் ஹிலாரி கிளிண்டன் போட்டியிலிருந்து விலகினார். பராக் ஒபாமாவுக்குத் தமது ஆதரவை அறிவித்தார். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் 'பிரைமரி' என்ற உட்கட்சித் தேர்தல் ஐந்து மாத இழுபறிக்குப் பின் அன்று ஓய்ந்தது. ஆனால் ஹிலாரியின் பிரச்சாரக் குழு 2 கோடி டாலருக்கும் மேல் கடன் வைத்திருந்தது.

தோற்றவர் கடனை யார் அடைப்பது? தோற்றவருக்குக் கட்சியில் என்ன இடம்? இவை இரண்டும் வேறு வேறு கேள்விகளாகத் தெரியலாம். அந்த ஆண்டு நடந்ததைப் பார்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை என்பது புரியும்.

யாருக்குக் கடன்?

கடனில் பாதிக்குச் சற்று மேல் ஹிலாரி தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தது. ஜனவரியில் 50 லட்சம் டாலர் கொடுத்தார். நன்கொடைகள் ஒபாமா பக்கம் குவியக் குவிய இவர் மேலும் மேலும் கொடுக்க வேண்டியதாயிற்று. கடைசியில் அது 1 கோடியே 32 லட்சம் டாலரானது.

அடுத்த பெரிய கடன்காரர் அவரது தேர்தல் வியூக ஆலோசகர் மார்க் பென்னின் நிறுவனம். அதற்கு மட்டுமே பல லட்சம் டாலர் பாக்கி. மூன்றாவது வரிசையில் நின்றவர்கள், கூட்டத்துக்கு மேடை போட்டவர்கள், ஒலி ஒளி அமைத்தவர்கள் போன்ற சிறு தொழில் செய்வோர். போட்டி உச்சத்தில் இருந்த மார்ச் மாதத்திலேயே, ஓஹியோவில் வேலை செய்து கொடுத்த சிலர் இன்னும் பணம் வரவில்லை என்று சொன்னது செய்தியானது.

சட்டம் கட்டிய கை

ஹிலாரிக்குப் பணக்கார ஆதரவாளர்கள் ஏராளம். அவர்களே அடைத்திருக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சட்டம் குறுக்கே நின்றது. அன்றைய விதிப்படி ஒருவர் ஒரு வேட்பாளரின் பிரைமரிச் செலவுக்கு 2,300 டாலருக்கு மேல் தர முடியாது. அவரது பெரிய ஆதரவாளர்களில் பலர் அந்த உச்சவரம்பை முன்பே தொட்டுவிட்டார்கள். வென்றவரின் பிரச்சார நிதியிலிருந்து மொத்தமாக எடுத்துக் கொடுக்கவும் வழியில்லை. ஒரு வேட்பாளரின் குழு இன்னொரு வேட்பாளருக்கு 2,000 டாலர்தான் தரலாம்.

எனவே மிச்சமிருந்த ஒரே பெரிய வழி, ஒபாமா தம்முடைய ஆதரவாளர்களிடம் 'ஹிலாரிக்குக் கொடுங்கள்' என்று கேட்பதுதான். அது எளிதான காரியமல்ல. பொதுத்தேர்தலுக்கான அரசு நிதி வேண்டாம் என்று ஜூன் 19 அன்று அவர் அறிவித்திருந்தார். தம் செலவு முழுவதையும் அதே ஆதரவாளர்களிடம்தான் அவர் திரட்ட வேண்டும். மாதக்கணக்கில் எதிர்த்து வேலை செய்தவரின் ஆலோசகருக்குத் தாங்கள் ஏன் பணம் தர வேண்டும் என்று அவர்கள் நினைத்ததிலும் நியாயம் இருந்தது.

ஜூன் 26 அன்று வாஷிங்டன் மேஃபிளவர் ஹோட்டலில் ஹிலாரியின் முக்கிய நன்கொடையாளர்களை ஒபாமா சந்தித்தார். தாமும் மனைவி மிஷெலும் தலைக்கு 2,300 டாலர் தருவதாகச் சொன்னார். மறுநாள் நியூ ஹாம்ப்ஷயரில் 'யூனிட்டி' (ஒற்றுமை) என்ற பெயர் கொண்ட சிற்றூரில் இருவரும் ஒரே மேடையில் ஏறினார்கள். அந்த ஊரில் இருவருக்கும் சரியாக 107 வாக்குகள் கிடைத்திருந்தன. ஜூலையில் நியூயார்க் நிதி திரட்டும் கூட்டமொன்றில் ஒபாமா பேசி முடித்து இறங்கிவிட்டு, ஹிலாரியின் கடனைப் பற்றிச் சொல்ல மறந்தது நினைவுக்கு வர, மீண்டும் மேடைக்கு வந்து கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோள் அவருக்கு எவ்வளவு இயல்பாக வந்தது என்பதை அந்த மறதியே காட்டிவிட்டது.

தோற்றவரின் கையிருப்பு

பணம் இல்லாத ஹிலாரியிடம் ஒன்று இருந்தது. ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் பேர் அவருக்கு வாக்களித்திருந்தார்கள். அவர்களில் பலர் கோபத்தில் இருந்தார்கள். அவர்களைக் கட்சியோடு சேர்த்து அழைத்து வர அவரால்தான் முடியும். துணை அதிபர் வாய்ப்பு ஆகஸ்டில் ஜோ பைடனுக்குப் போனது. ஆனாலும் டென்வர் மாநாட்டில் ஆகஸ்ட் 26 அன்று ஒபாமாவுக்காக ஹிலாரி பேசினார். மறுநாள் வாக்கெடுப்பை நிறுத்தி, குரல் ஒப்புதலாலேயே ஒபாமாவை வேட்பாளராக அறிவிக்கும்படி அவரே முன்மொழிந்தார். 2009 ஜனவரி 21 அன்று வெளியுறவு அமைச்சராகப் பதவியேற்றார்.

இதைக் கடனுக்குக் கிடைத்த கூலி என்று சொல்லிவிட முடியாது. பதவி வந்த பிறகும் கடன் தீரவில்லை. பதவியால் சிக்கல் கூடியது என்பதே உண்மை. அரசு நிர்வாகத்தில் இருப்பவர் அரசியல் நிதி கேட்கக் கூடாது என்பது சட்டம். எனவே கணவர் பில் கிளிண்டன் களமிறங்கினார். நன்கொடை தருபவர்களில் ஒருவருக்கு நியூயார்க்கில் தம்மோடு ஒரு நாள் கழிக்கும் வாய்ப்பு என்று பரிசுத் திட்டம்கூட அறிவித்தார். கடன் முழுவதும் தீர்ந்த செய்தி வந்தது 2013 ஜனவரியில்தான். தாம் கொடுத்த 1 கோடியே 32 லட்சத்தை ஹிலாரி விட்டுக்கொடுத்தார்.

அதற்கும் ஒரு சட்டக் காரணம் உண்டு. வேட்பாளர் தமக்குத் தாமே கொடுத்த கடனில், தேர்தலுக்குப் பின் வரும் நன்கொடையிலிருந்து 2,50,000 டாலர் வரைதான் திரும்ப எடுக்கலாம் என்பது அன்றைய வரம்பு. செனட்டர் டெட் குரூஸ் தொடுத்த வழக்கில் 2022-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த வரம்பை நீக்கிவிட்டது.

இதன் பலன் யாருக்கு? வென்றவருக்குத்தான். பதவியில் அமர்ந்தவரிடம் பணம் கொடுக்க ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அந்தப் பணம் இனி அவர் சொந்தப் பைக்கே தாராளமாகப் போகலாம். தோற்றவரைத் தேடி வருபவர்கள் குறைவு. ஹிலாரிக்கு முன்னாள் அதிபரான கணவரும் உலகறிந்த பெயரும் இருந்தும் நாலரை ஆண்டுகள் ஆயின. அந்த வசதி இல்லாத வேட்பாளர்களின் கடன்கள் கணக்கேட்டில் அப்படியே கிடக்கின்றன.

அடுத்த முறை ஒருவர் விலகி இன்னொருவருக்குக் கைகொடுக்கும் படத்தைப் பார்க்கும்போது, யாருக்கு எந்தப் பதவி என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். அந்த மேடையைப் போட்டுக் கொடுத்தவருக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்றும் கேட்போம்.