சின்னதம்பிக்குப் பெயர் உண்டு, சூளைத் தொழிலாளிக்கு இல்லை

2019 ஜனவரியில் தடாகம் பள்ளத்தாக்கில் பிடித்து டாப்ஸ்லிப் பக்கம் கொண்டுபோய் விட்ட சின்னதம்பி யானையை மறந்திருக்க மாட்டீர்கள். சில நாட்களிலேயே காட்டைவிட்டு இறங்கி உடுமலைப் பக்கம் வந்துவிட்டது. தொலைக்காட்சிகள் அதன் பின்னாலேயே ஓடின. சூளையில் எரிக்கப் பனைமரங்களை வெட்டிக் குவித்ததும், பனஞ்சோற்றுக்கு யானை வந்ததும் அப்படித்தான் பலருக்குத் தெரிந்தது.

சின்னத்தடாகம், நஞ்சுண்டாபுரம், வீரபாண்டி, பன்னிமடை, சோமையம்பாளையம் ஊராட்சிகளில் செம்மண்ணைப் பனைமர உயரத்துக்குத் தோண்டி எடுத்தார்கள். 2021 மார்ச்சில் 186 சூளைகள் மூடப்பட்டன. உள்ளூர்க்காரர்களின் வழக்குகளும் சில நிருபர்களின் பிடிவாதமும் இல்லாமல் இது நடந்திருக்காது. கனிமக் கொள்ளையை எழுதுவது லேசான வேலையும் அல்ல. 2017-ல் தாது மணல் பற்றி எழுதிய சந்தியா ரவிசங்கருக்கு வந்த மிரட்டல்கள் நமக்குத் தெரியும். 2022 செப்டம்பரில் கரூர் க.பரமத்தி அருகே கல்குவாரியை எதிர்த்த விவசாயி குவாரி வாகனம் ஏற்றிக் கொல்லப்பட்டார். 2025 ஜனவரியில் திருமயத்தில் ஜகபர் அலி லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார்.

இவ்வளவையும் மதித்துத்தான் கேட்கிறேன். சூளை மூடிய மறுநாள், அங்கே மண் மிதித்த குடும்பம் எங்கே போனது? முன்பணம் வாங்கிக்கொண்டு, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பிள்ளைகளோடு வேலை செய்தவர்களின் கணக்கை யார் தீர்த்தார்கள்? கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. நான் படித்த தடாகம் செய்திகளில் யானை இருந்தது, மண் இருந்தது, விவசாயி இருந்தார். தொழிலாளி புகைப்படத்தின் ஓரத்தில் தலைச்சுமையோடு நின்றார், பெயரில்லாமல்.

இது நிருபரின் கெட்ட எண்ணம் அல்ல, அவர் போகும் வழி அப்படி. வண்டி ஊருக்குள் போய் நிற்கிறது. தோட்டத்துக்காரர் திண்ணையில் பேட்டி. "பொதுமக்கள் புகார்" என்று தலைப்பு. அருந்ததியர் காலனி அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, இருளர் பதி இன்னும் தள்ளி. குவாரிக்காரரும் தோட்டத்துக்காரரும் பல இடங்களில் சொந்தக்காரர்கள் என்பதை எந்த நாளிதழ் எழுதும்? அவர்களுக்குள் சமாதானம் ஆகிவிட்டால் செய்தியும் நின்றுவிடுகிறது.

காலனிக்குப் போனால் வேறு செய்தி கிடைக்கும். ஓர் உதாரணம். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959-ன்படி, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரி கூடாது. நல்ல விதிதான். ஆனால் குடியிருப்பு என்றால் என்ன? வருவாய்த் துறைப் பதிவேட்டில் நத்தமாகவோ வீட்டு மனையாகவோ இருக்க வேண்டும், அல்லது அனுமதி பெற்ற மனைப்பிரிவாக இருக்க வேண்டும். மூன்று தலைமுறையாகப் புறம்போக்கில் பட்டா இல்லாமல் வாழ்கிறவர்களின் வீடு? வெடி வைக்கும்போது சுவர் விரிசல் விடும், சோற்றில் தூசி விழும், ஆனாலும் காகிதத்தில் அங்கே யாரும் குடியிருக்கவில்லை. பட்டா கேட்டு மனு எழுதும் என்னைப் போன்றவர்களுக்கு, வீட்டுமனைப் பட்டா என்பது குவாரியைத் தள்ளி நிறுத்தும் காகிதமும்கூட.

இன்னொன்று, பணம். 2015 சட்டத்திருத்தத்தின்படி மாவட்டந்தோறும் மாவட்டக் கனிம அறக்கட்டளை இருக்க வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களின் குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் பள்ளிக்கும் செலவழிக்க வேண்டிய நிதி அது. அதில் எத்தனை ரூபாய் காலனிக் குழாய்க்கு வந்தது என்று ஒரு தகவல் உரிமை மனு போட்டால் போதும், அதற்குக் காட்டுக்குள் கேமரா தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

கோவைச் செம்மண் கொள்ளையை விசாரிக்க 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. எத்தனை கன மீட்டர், எத்தனை கோடி என்பதெல்லாம் கட்டாயம் வர வேண்டிய செய்திகள். கூடவே, குழியைத் தோண்டியது யார், கூலி எவ்வளவு, குழிக்கு மிக அருகில் இருப்பது யார் வீடு என்ற மூன்று கேள்விகளையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு பேரூர் பக்கம் போங்கள், நிருபர் தோழர்களே. வழி தெரியாவிட்டால் சொல்லுங்கள், நாங்கள் கூட வருகிறோம்.